கன்னத்தில் மூடாத துளை

என் பாசமுள்ள அண்ணாவுக்கு,

நீ இருக்கும் இடத்திலும் கரண்ட் கட் உண்டா? இங்கே காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், சொல்லிவைத்த மாதிரி போய்விடுகிறது. தொழிற்பேட்டை முழுக்க ஜெனரேட்டர் சத்தம். நம் லைன் வீடுகளில் யாருக்கு ஃபியூஸ் போனாலும் பழக்கதோஷத்தில் உன் வீட்டு வாசலைத்தான் முதலில் எட்டிப் பார்க்கிறார்கள். அப்புறம் ஞாபகம் வந்து திரும்பிப் போகிறார்கள்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் மேல் கோபமாக இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஒரு மாதமாக உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நல்ல பீஸை எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாரோடு சண்டை போடுவது? செத்தவனோடுதான் போட முடியும், அவன்தான் திருப்பிப் பேசமாட்டான்.

ரம்யா வயசுக்கு வந்துவிட்டாள், அண்ணா. உன் மகள். சைக்கிள் பெடல் எட்டவில்லை என்று உன்னிடம் அழுதவள்.

அண்ணியின் தம்பி தேன்கனிக்கோட்டையிலிருந்து பச்சை ஓலை கட்டிக்கொண்டு வந்து வீட்டுப் பக்கவாட்டில் குடிசை போட்டான். தாய்மாமன் முறை எதிலும் குறை வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றி, குடிசையைக் கொளுத்தி, பிள்ளையை வீட்டுக்குள் அழைத்தோம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் ஊருக்கே சீரியல் பல்பு கட்டியிருப்பாய்.

அடுத்த மாதம்தான் எனக்கு உறைத்தது. பிள்ளைக்குத் தூரமானதும் அண்ணி அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். நீ ஸ்கூட்டர் நிறுத்துவாயே, தகரம் போட்ட இடம், அங்கே ஒரு பாயும் தட்டும் டம்ளரும். பனி கொட்டுகிற மாதம். பள்ளிக்கூடமும் கிடையாது. தாத்தா பக்கம் நிழல்கூடப் படக்கூடாதாம்.

நம் லைனில் யார் வீட்டிலும் இப்படி இல்லையே? மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் எதிர் வீட்டில் இருக்கிறார்கள், மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் போகிறவர்கள், அவர்களுக்குத் தீட்டுப் பார்க்க நேரமேது? அண்ணியும் முன்னால் இப்படிப்பட்டவர்களா? பசுங்குடிலில் ரோஜா வெட்டும் வேலைக்கு மாதத்தின் எல்லா நாளும்தானே போனார்கள். "ரோஜாவுக்குத் தெரியவா போவுது" என்று சிரித்தது அவர்கள்தானே. நீ போன பிறகுதான் மாறினார்கள். அந்த நாட்களில் அவர்களே அந்தத் தகரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். துக்கம், தானாகத் தெளியும் என்று நான் விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பிள்ளைக்குச் சோறு கொண்டுபோனேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு நகரச் சொன்னாள், தொடாதே என்றாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அத்த, அப்பாவுக்கு இது பட்டுதான் ஆகாமப் போச்சாமே. நான் தாத்தாவத் தொட்டா தாத்தாவும் செத்துடுவாரா?"

யார் சொன்னது என்று கேட்டேன். அம்மாதான் என்றாள்.

அன்று ராத்திரி அண்ணியிடம் போய் நின்றேன். என் குரல் உனக்குத் தெரியும், லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணி கத்தவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு கன்னடத்தில், "நன்னிந்தலே ஆய்த்து" என்றார்கள். என்னால்தான் ஆச்சு. மனசு உடைந்தால் அண்ணிக்குத் தமிழ் வராதே, அம்மா மொழிதான் வரும்.

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார்கள். நீ அலகு குத்திக்கொண்ட தைப்பூசத்தன்று விடியற்காலையில் அவர்களுக்குத் தூரமாகிவிட்டதாம். சொன்னால் வேண்டுதல் நின்றுபோகும், அடுத்த வருஷம் வரை நீ இருப்பாயோ மாட்டாயோ. அதனால் யாரிடமும் சொல்லாமல் பால்குடம் தூக்கிக்கொண்டு உன் பக்கத்திலேயே நடந்திருக்கிறார்கள். அலகைப் பிடுங்கியதும் உன் கன்னத்தில் திருநீறு வைத்து அழுத்தியது அவர்கள் கைதான். எத்தனையோ பேர் அன்று அலகு குத்தினார்கள், எல்லோருக்கும் தழும்புகூட இல்லாமல் ஆறியது. உனக்கு மட்டும் ஆறவில்லை. ஏன் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அண்ணிக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது.

இத்தனை வருஷம் அந்தப் பதிலோடு படுத்து எழுந்திருக்கிறார்கள், அண்ணா. பக்கத்து வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? சொல்லியிருப்பார்களா?

அந்த நாட்களை நான் மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிடிக்காமல்தான் பார்த்தேன். உனக்குக் குடலில் கேன்சர் கட்டி என்று அறுத்து எடுத்தார்கள். தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் கல்லீரலில் புள்ளி புள்ளியாக வந்துவிட்டது என்றார்கள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் வழக்கமான மருந்தோடு ஒரு புது மருந்தும் ஏற்றினார்கள், ஆராய்ச்சியில் உன்னைச் சேர்த்துக்கொண்டு. அந்த டாக்டரம்மா தனக்குத் தெரிந்த தமிழில் நமக்கு விளக்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா?

கட்டி கடுகளவு இருக்கும்வரை அக்கம்பக்கத்தில் ஊறி வருவதைக் குடித்தே பிழைத்துக்கொள்ளுமாம். அதற்கு மேல் பெருக்க வேண்டுமென்றால் அதற்கென்று ரத்தம் வர வேண்டும். பசித்ததும் அது ஒரு சரக்கை வெளியே விடுமாம், ஆள் அனுப்பிக் கூப்பிடுவதுபோல. பக்கத்தில் போகிற ரத்தக்குழாய்க்கு அது எட்டினால், குழாயின் பக்கவாட்டில் முளைவிட்டு, புதுக்கிளை கட்டியை நோக்கி வளர்ந்து வந்து உள்ளே நுழைந்துவிடும். அப்புறம் அதற்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதே வழியில் அதன் விதை வேறு இடத்துக்கும் போகும். புது மருந்து கட்டியைக் கொல்லாது, அது அனுப்பும் ஆளை நடுவழியில் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார்கள்.

நீ கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாய். "புரிஞ்சிடுச்சு மேடம். என் வயித்துல ஒருத்தன் கொக்கி போட்டுக் கரண்டு எடுக்கறான். நீங்க கொக்கியைப் புடுங்கறீங்க" என்றாய். டாக்டரம்மாவுக்குக் கொக்கி புரியவில்லை. நீ கையை உயரத் தூக்கி, கம்பத்து வயரில் கம்பியை மாட்டுகிற மாதிரி செய்துகாட்டினாய். அந்த அம்மா சிரித்த சிரிப்பு. அன்று அத்திப்பள்ளி தாண்டும்வரை பஸ்ஸில் நீ அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். நானும் நம்பினேன், எலக்ட்ரீஷியனுக்குக் கொக்கி பிடுங்கத் தெரியாதா என்று.

டாக்டரம்மா ஒன்றை அழுத்தி அழுத்திச் சொன்னார்கள். இந்த மருந்து ஓடும்போது உடம்பில் கத்தி படக்கூடாது, பல்கூடப் பிடுங்கக்கூடாது, புண் ஆறாது என்று. நாம் சத்தியமாகக் கேட்டுக்கொண்டோம். உன் கடைவாய்ப் பல் சொத்தை வலித்தபோது கிராம்பை வைத்துக்கொண்டு பொறுத்தாய். அண்ணி உனக்குச் சவரம்கூடச் செய்ய விடவில்லை, தாடி வளர்ந்து சாமியார் மாதிரி இருந்தாய்.

தைப்பூசம் வந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்து நம் ஊர்க் கோயிலுக்குப் போய் இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து வேல் குத்திக்கொண்டாய். யாருக்காவது, ஒருத்தருக்காவது, அது புண் என்று தோன்றியதா? உனக்கு? எனக்கு? அண்ணியின் தம்பி, படித்தவன், அவனுக்கு? ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரி, கத்தி என்றால் டாக்டர். அலகு சாமியுடையது. சாமி குத்துவது வலிக்காது, ரத்தம் வராது, ஆறிவிடும். நாம் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதானே.

இடது கன்னம் எப்படியோ மூடிக்கொண்டது. வலது கன்னம் மூடவில்லை. நீர் குடித்தால் துளை வழியே வழிந்தது. ஊரில் பேச ஆரம்பித்தார்கள், முருகன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று. நீ துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெங்களூர் வந்தாய். டாக்டரம்மா துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, கத்தி படக்கூடாது என்று சொன்னேனே என்று அதட்டினார்கள். "இது ஆபரேஷன் இல்ல மேடம், வேண்டுதல்" என்றாய் நீ. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். எனக்கு இன்னும் அந்த முகம் கண்ணிலேயே நிற்கிறது.

ரம்யா கேட்ட மறுவாரம் நான் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் பெங்களூர் போனேன். ஓ.பி. சீட்டு கொடுக்கிற ஆள், "பேஷன்ட் எல்லி?" என்றான், பேஷன்ட் எங்கே என்று. பேஷன்ட் செத்து வருஷக்கணக்காகிவிட்டது, நான் ஒரு கேள்வி கேட்க வந்தேன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவன் உட்காரச் சொல்லிக் கை காட்டினான்.

எல்லா நோயாளிகளும் போன பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார்கள். தலை நரைத்திருக்கிறது. என்னை நினைவில்லை. கையைத் தூக்கிக் கம்பத்தில் கொக்கி மாட்டிக் காட்டினேன், உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

தீட்டுப் பட்டு புண் ஆறாமல் போகுமா என்று நேராகவே கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் பிள்ளையின் கேள்விக்கு நான் வேறு எங்கே போவது? அவர்கள் சிரிக்கவில்லை. புண் ஆறவேண்டுமென்றால் அங்கேயும் புது ரத்தக்குழாய் முளைக்க வேண்டும், கட்டி விடுகிற அதே சரக்கைத்தான் புண்ணும் விடும் என்றார்கள். மருந்துக்கு இது கட்டி அனுப்பிய ஆள், இது கன்னம் அனுப்பிய ஆள் என்று தெரியாது. இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டது. உன் கன்னம் ஆறாதது மருந்து வேலை செய்ததற்கு அடையாளம்.

பிறகு அவர்களே சொன்னார்கள். வளர்ந்து முடிந்த உடம்பில் புதுக்குழாய் முளைப்பது ரொம்பக் குறைவாம். காயம் பட்டால் முளைக்கும். பெண்களுக்கு மாதாமாதம் கர்ப்பப்பையில் முளைக்கும், பிள்ளை வந்து தங்கினால் அதற்கு ரத்தம் வேண்டுமே என்று. வராவிட்டால் எல்லாம் கழன்று வெளியே வந்துவிடும். "அதான்மா நீங்க தீட்டு அன்றது. புண்ண ஆற வைக்கிற வேலையும் அதுவும் ஒண்ணே" என்றார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன், அண்ணா. உட்கார முடியவில்லை. உன்னைக் கொன்றது என்று அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறார்களே, அதுதான் உன் கன்னத்துக்குத் தேவைப்பட்டதே. யாரிடம் போய்ச் சொல்வது இதை?

இன்னொரு கேள்வியும் கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

திரும்பும் வழியில் பஸ் நகரவே இல்லை. ஓசூர் வந்து பஸ் மாறினால், சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் ரோட்டைத் தாண்டுகின்றன என்று நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். நான் சீட்டிலேயே உட்கார்ந்து அண்ணியிடம் எப்படிச் சொல்வதென்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரி பயந்து இடம் மாறிக்கொண்டாள்.

அன்றே சொன்னேன். குழாய், சரக்கு, முளை எல்லாம் சொன்னேன். அண்ணி பீன்ஸ் கிள்ளிக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும், "டாக்டருக்கு உடம்பு தெரியும் பொன்னி, சாமி தெரியுமா?" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறத்தைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தகரத்தடியில் ரம்யா இல்லை, அவளுக்கு நாள் முடிந்திருந்தது. அந்தப் பாய் மட்டும் சுருட்டிச் சாத்தியிருந்தது. இன்னும் எத்தனை மாதம் அந்தப் பாயில் படுப்பாள்? கல்யாணமாகிப் போனால் போகிற வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தன்னையே பார்த்துக்கொள்வாளே. அதை நினைத்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அப்படியே உள்ளே திரும்பினேன்.

கன்னம் ஆறட்டும் என்று அந்த மருந்தை நிறுத்திவைத்தார்களே, அப்போது தினமும் உனக்குக் கட்டு மாற்றியது யார்? நான் ஷிஃப்டுக்குப் போய்விடுவேன். அப்பாவுக்குப் பார்க்கத் தைரியமில்லை. அண்ணிதான். ஒரு நாள் விடாமல் அண்ணிதான்.

"அண்ணி, அந்த மாசமெல்லாம் உங்களுக்கு வரலையா?" என்று கேட்டேன்.

பீன்ஸ் கிள்ளுவது நின்றது. வந்தது என்றார்கள். விதியில்லை, வேறு யார் செய்வார்கள், குளித்துவிட்டுச் செய்தேன் என்றார்கள்.

"அந்தக் கையிலதானே அண்ணி மூடுச்சு? மருந்த நிறுத்தனாங்க, நீங்க தொட்டீங்க, மூடுச்சு. ஆகாத கைன்னா எப்படி மூடும்?"

அண்ணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அழவில்லை. எழுந்து போய்ச் சோற்றை வடித்தார்கள். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்துப் படுத்தேன்.

இந்த மாதம் பிள்ளைக்கு மறுபடி வந்தது. தானே பாயை எடுத்துக்கொண்டு தகரத்தடிக்குப் போனாள். ஒரே மாதத்தில் சொல்லாமலே போகப் பழகிவிட்டாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருட்டும் நேரம், கரண்ட் வேறு போய்விட்டது. அண்ணி மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். "பாயை அங்கயே போடு. உள்ள வா. தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் குடு" என்றார்கள். பிள்ளை நகரவில்லை. அண்ணி கிட்டே போய்க் கையைப் பிடித்து எழுப்பினார்கள். அவ்வளவுதான் பார்த்தேன், மெழுகுவத்தி அணைந்துவிட்டது.

அப்பா மாத்திரையை அவள் கையிலிருந்துதான் வாங்கிப் போட்டுக்கொண்டார். நேற்றும் நன்றாக இருமினார், என் சமையலில் உப்பில்லை என்று திட்டினார். ரம்யா காலையில் எழுந்ததும் முதலில் தாத்தா கட்டிலைத்தான் பார்க்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் அப்படித்தான் பார்ப்பாள்.

இனி அந்த இன்னொரு கேள்வி. அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னடம்தான், தமிழ் எழுத்து படிக்க வராது. அதனால்தான் தைரியமாக இங்கே எழுதுகிறேன்.

அலகு குத்தாமல் இருந்திருந்தால், மருந்தை நிறுத்தாமல் இருந்திருந்தால், என் அண்ணன் இருந்திருப்பானா என்று கேட்டேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்கள். ஒரு கொக்கியைப் பிடுங்கினால் கட்டி அடுத்த கம்பத்தைத் தேடும், எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்திருக்கும் என்றார்கள். ஆனால் நிறுத்திய நேரத்தில் அதற்கு வசதியாகப் போயிருக்கலாம். கொஞ்ச காலம் கூட இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார்கள்.

உன் கன்னம் மூடிய அன்று அண்ணி கேசரி கிண்டி லைன் முழுக்கக் கொடுத்தார்களே. கன்னத்துக்கு வந்த ரத்தம் கல்லீரலுக்கும் வந்துகொண்டிருந்தது, நாம் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இதை நான் எங்கே வைப்பது? அண்ணியிடம் சொல்லமாட்டேன். ரம்யா பெரியவளாகி இதைப் படித்தால் படிக்கட்டும். அப்போது அவள் கேட்டால் மறைக்காமல் சொல்வேன்.

ஆனால் ஒன்று. அலகு வேண்டும் என்று கேட்டது நீ. நான் வேண்டாம், பால்குடம் போதும் என்றேன், அண்ணியும் சொன்னார்கள். குத்தினால்தான் திருப்தி என்றவன் நீ. பிழைக்க வேண்டும் என்ற ஆசையில் செய்தாய், உன்னைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. இருந்தாலும் அது உன்னுடையது. இத்தனை நாள் உன் பாரத்தை அண்ணி சுமந்தார்கள், அடுத்தது உன் மகள் தலைக்கு ஏறப் பார்த்தது. இறக்கிவிட்டேன். நீயே வைத்துக்கொள்.

இந்தத் தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போவோம். அலகு கிடையாது. பால்குடத்தை ரம்யா தூக்குவாள், அன்று அவளுக்கு எந்த நாளாக இருந்தாலும் சரி. ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தால் என் குரல் இருக்கிறது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அடுத்த வீட்டிலேயே இன்னும் இருக்கும்,
உன்னோடு சண்டை தீராத தங்கச்சி,
பொன்னி